கொக்கட்டுவின் கதை: சுல்தானின் அன்பளிப்பிலிருந்து எமது வீட்டுக் கூண்டு வரை



முன்னரெல்லாம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் வளவு விற்பனைக்கு, மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு என்றுதான் விளம்பரம் வரும். இப்போது பறவைகளும் வருகின்றன. அவற்றுக்கு நடுவே சில நேரம் ஒரு வெள்ளைப் பறவை. வளைந்த கறுத்த சொண்டு, தலையில் விரித்த மஞ்சள் கொண்டை. "வெளிநாடு செல்வதால் அவசரமாக விற்பனைக்கு" என்று கீழே ஒரு வரி. அதற்குக் கீழே "என்ன விலை?" "கதைக்குமா?" என்று கேள்விகள்.

விலையைக் கேட்கும் நாம் அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலம் வாழும், இதற்கு முன் எத்தனை வீடு மாறியது என்று கேட்பதில்லை. கொக்கட்டுவுக்கு நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அதில் சுல்தான்களும் பேரரசர்களும் கராம்புக் கப்பல்களும் வருகிறார்கள். எமது முஸ்லிம் உலகமும் வருகிறது, எமது நாடும் ஓரமாக வந்து போகிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

*பெயர் வந்த வழி*

கொக்கட்டு என்பது மலாய் மொழிச் சொல். மலாயில் 'ககத்துவா'. 'ககக்' என்றால் மூத்த உடன்பிறப்பு, 'துவா' என்றால் வயது முதிர்ந்தது. இரண்டும் சேர்ந்ததே அந்தப் பெயர் என்று சிலர் பிரித்துச் சொல்வார்கள். கிழக்கிலங்கையில் நாம் நானாவைக் 'காக்கா' என்று கூப்பிடுவது அப்போது ஞாபகத்துக்கு வரும். மலாயில் தச்சர்கள் ஆணி பிடுங்கும் குறட்டுக்கும் இதே பெயர் உண்டு. அந்தச் சொண்டைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. மலாயிலிருந்து ஒல்லாந்தர் வாய்க்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், எம்மிடம் 'கொக்கட்டு' என்று வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தப் பறவை இயற்கையாக வாழும் இடங்கள் அவுஸ்திரேலியா, நியூகினி, சொலமன் தீவுகள், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகள். இலங்கையிலோ இந்தியாவிலோ காட்டில் கொக்கட்டு கிடையாது. ஆகவே எமது நாட்டில் ஒரு வீட்டில் கொக்கட்டு இருந்தால், அதுவோ அதன் முன்னோரோ கடல் கடந்து கொண்டுவரப்பட்டவை என்பது நிச்சயம்.

*கெய்ரோவிலிருந்து சிசிலிக்கு*

ஐரோப்பாவில் கொக்கட்டுவின் மிகப் பழைய படம் எது என்று கேட்டால், அண்மைக் காலம் வரை இத்தாலிய ஓவியர் மந்தேஞா 1496இல் வரைந்த ஒரு ஓவியத்தைத்தான் காட்டுவார்கள். 2018இல் அந்தக் கணக்கு மாறியது. வத்திக்கான் நூலகத்தில் உள்ள ஒரு கையெழுத்துப் பிரதியை ஆய்வாளர்கள் நுணுகிப் பார்த்தார்கள். அது வேட்டைப் பறவைகளைப் பற்றி இரண்டாம் பிரடெரிக் பேரரசர் 1240களில் எழுதிய நூல். அதன் ஓரங்களில் ஒரு வெள்ளைக் கொக்கட்டு நான்கு இடங்களில் வரையப்பட்டிருக்கிறது. மந்தேஞாவின் ஓவியத்துக்கு ஏறத்தாழ 250 வருடங்கள் முந்தியது.

அந்தப் பறவையை அவருக்குக் கொடுத்தவர் எகிப்தின் சுல்தான் அல்-மலிக் அல்-காமில். ஸலாஹுத்தீன் ஐயூபியின் தம்பி மகன்.

இருவரும் எதிரெதிர் அணியில் நின்றவர்கள். பிரடெரிக் சிலுவைப் படையோடு கிழக்கே வந்தார். ஆனால் 1229இல் ஜெரூசலம் விடயத்தில் இருவரும் பெரிய போரில்லாமல் பேசி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதற்காக இருவருமே தத்தமது மக்களிடம் ஏச்சு வாங்கினார்கள் என்பது வேறு கதை. பிரடெரிக் சிசிலியில் வளர்ந்தவர். அறபு மொழியும் முஸ்லிம் அறிஞர்களும் அவருக்குப் புதியவை அல்ல. சுல்தானும் பேரரசரும் கணிதக் கேள்விகளையும் மிருகங்களையும் பறவைகளையும் பரிமாறிக்கொண்டார்கள். அப்படிக் கை மாறியவற்றில் ஒன்றுதான் இந்தக் கொக்கட்டு.

கொக்கட்டு வாழும் தீவுகளுக்கும் கெய்ரோவுக்கும் இடையே பல ஆயிரம் மைல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில், ஐரோப்பியர் அந்தக் கடல்களுக்கு வர இன்னும் இருநூற்றுச் சொச்சம் வருடங்கள் இருக்கும்போது, ஒரு பறவை உயிரோடு அங்கு போய்ச் சேர்ந்திருக்கிறது. கராம்பும் சாதிக்காயும் போன அதே வணிகப் பாதை அது. எமது நாடு அந்தக் கடற்பாதையின் நடுவில் இருந்தது. 1283இல் யாப்பகுவ மன்னன் முதலாம் புவனேகபாகு எகிப்தின் மம்லூக் சுல்தான் கலாவூனுக்குத் தூது அனுப்பினான் என்பதை மாணவர்களுக்கு நாம் படிப்பிக்கிறோம். இலங்கையும் கெய்ரோவும் அந்தக் காலத்தில் ஒன்றையொன்று அறிந்திருந்தன.

அந்தப் பறவை எத்தனை மாதம் பயணம் செய்திருக்கும்? எத்தனை பேர் கையில் தீனி தின்றிருக்கும்? ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு புது எசமான், ஒரு புது மொழி. 'வீடு மாறும் கொக்கட்டு' என்பது இன்றைய விடயமே அல்ல. எமக்குத் தெரிந்த மிகப் பழைய கொக்கட்டுவின் கதையே கை மாறிய கதைதான்.

*கராம்புக் கப்பலில் ஒரு பறவை*

1511இல் போர்த்துக்கேயர் மலாக்காவைப் பிடித்தார்கள். அடுத்த வருடமே மலுக்குத் தீவுகளுக்குப் போனார்கள். பின்னர் ஒல்லாந்தர் வந்தார்கள். கராம்பு விளைந்த தெர்னாத்தே, திதோரே, பச்சான் தீவுகள் வெள்ளைக் கொண்டைக் கொக்கட்டுவின் தாயகமும்தான். மரத்தின் விளைச்சலை எடுத்தவர்கள் மரத்தில் இருந்த பறவையையும் எடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டுச் செல்வந்தர் வீடுகளில் கொக்கட்டு ஒரு அந்தஸ்துச் சின்னம். ஹொண்டகூட்டர் என்ற ஓவியரின் பெரிய பறவை ஓவியங்களில் அது நிற்பதை இன்றும் அம்ஸ்டர்டாமில் பார்க்கலாம்.

அதே ஒல்லாந்தர்தான் எமது கரையோரத்தையும் ஆண்டார்கள். தங்களுக்கு அடங்காத கிழக்குத் தீவுகளின் அரச குடும்பத்தவரை இலங்கைக்கு நாடுகடத்தினார்கள், போர்வீரர்களையும் கொண்டுவந்தார்கள். எமது மலாய் சகோதரர்களின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாடுகடத்தப்பட்டவர்களில் பச்சான், திதோரே அரச குடும்பத்தினரும் இருந்தார்கள். அந்தத் தீவின் அரசனும் ஒல்லாந்தர் கப்பலில் ஏற்றப்பட்டான், பறவையும் ஏற்றப்பட்டது. இரண்டு பேரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை.

ஒல்லாந்தரிலும் பறவைகளைக் கவனித்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஆளுநராக இருந்த லோட்டன் அதற்கு முன் மக்காசரில் பணிபுரிந்தவர். தான் கண்ட பறவைகளையும் மிருகங்களையும் டி பெவர் என்ற ஓவியரைக்கொண்டு வரைவித்தார். எமது வளவுகளில் செவ்வரத்தைப் பூவில் தேன் குடிக்கும் நீண்ட சொண்டுத் தேன்சிட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

*வோலஸ் கண்ட எல்லை*

1856இல் அல்பிரட் ரசல் வோலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் பாலித் தீவிலிருந்து லொம்பொக் தீவுக்குக் கடந்தார். நடுவே உள்ள நீரிணை ஒடுக்கமான இடத்தில் சுமார் 20 கிலோமீற்றர்தான். ஆனால் பாலியில் அவர் காணாத ஒன்றை லொம்பொக்கில் கண்டார். வெள்ளைக் கொக்கட்டுகள்! ஆசியாவின் பறவைகள் ஒரு கரையோடு நிற்கின்றன, அவுஸ்திரேலிய வகைப் பறவைகள் மறு கரையில் தொடங்குகின்றன. உயிரியல் பாடத்தில் பிள்ளைகள் 'வோலஸ் கோடு' என்று படிப்பது இதைத்தான். அந்தப் பயணத்தைப் பற்றிய அவருடைய நூல் 1869இல் வெளிவந்தது.

அவருடைய காலத்தில் லொம்பொக்கில் சாதாரணமாகக் காணக் கிடைத்த மஞ்சள் கொண்டைக் கொக்கட்டுவை இன்று அங்கு காண்பது அரிதிலும் அரிது. உலக அளவில் அது 'மிக அருகிய நிலை'ப் பட்டியலில் இருக்கிறது. காட்டில் மிஞ்சியிருப்பவை ஓரிரு ஆயிரம் என்றுதான் கணக்கிடுகிறார்கள். எமது ஊரின் ஒரு பெரிய பாடசாலைப் பிள்ளைகளின் எண்ணிக்கை அளவு. இடையில் நடந்தது என்ன?

*தொலைக்காட்சியும் விமானமும்*

பாய்க்கப்பல் காலத்தில் ஒரு கொக்கட்டு மன்னர் வீட்டுக்குப் போனது. விமானம் வந்த பிறகு யார் வீட்டுக்கும் போகலாம் என்றானது. 1975 முதல் 1978 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பரெட்டா' என்ற துப்பறியும் தொடர் ஓடியது. கதாநாயகனின் வீட்டில் பிரெட் என்ற கொக்கட்டு. பழக்கிய பறவை, கெட்டித்தனமாக நடித்தது. பார்த்தவர்களுக்கு அது போலவே ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. இன்று டிக்டொக்கில் கொக்கட்டு ஆடும் காணொளியைப் பார்த்துவிட்டு எமது பிள்ளைகள் கேட்பதும் அதே ஆசையைத்தான்.

ஆசைக்கான விலையை இந்தோனேசியக் காடு கொடுத்தது. மலுக்குவின் செரம் தீவில் வாழும் இளஞ்சிவப்புக் கொண்டைக் கொக்கட்டுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் பத்து வருடங்களில் மட்டும் 70,000க்கு மேற்பட்ட பறவைகள் ஏற்றுமதியானதாகப் பதிவாகியிருக்கிறது. பதிவானதே இவ்வளவு. பிடிக்கும்போது செத்தவை, கூட்டில் நசுங்கிச் செத்தவை, கள்ளமாகப் போனவை இதில் இல்லை.

மரக்கிளையில் நைலோன் கண்ணி வைப்பார்கள். பழக்கிய ஒரு பறவையைக் கட்டிவைத்து அதன் சத்தத்துக்குக் கூட்டத்தை இறக்குவார்கள். அல்லது மரப்பொந்துக்கு ஏறிக் குஞ்சை எடுப்பார்கள். இதைச் செய்தவர்கள் ஏழைக் கிராமத்தவர்கள். பறவை ஒன்றுக்கு அவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். இலாபம் முழுவதும் துறைமுகத்துக்கு அப்பால் போனது.

கோழியைப் போல இந்த இழப்பு சீக்கிரம் நிரம்பாது. கொக்கட்டு ஒரு தடவைக்கு ஒன்று முதல் மூன்று முட்டைதான் இடும். பழைய பெரிய மரத்தில் பொந்து வேண்டும். குஞ்சு பறக்க மாதக் கணக்காகும். அது வளர்ந்து முட்டையிடப் பல வருடங்கள் செல்லும். மரத்தையும் வெட்டி, பறவையையும் பிடித்தால் இரண்டு தலைமுறைக்குள் காடு மௌனமாகிவிடும்.

*சட்டங்கள் வந்த வரிசை*

அவுஸ்திரேலியா 1960 முதலே தன் நாட்டுப் பறவைகளை வியாபாரத்துக்காக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. அங்கே கொக்கட்டு தெருப் பறவை. சிட்னியில் அவை வீட்டுக் குப்பைத் தொட்டிகளின் மூடியைத் திறக்கப் பழகி, அந்த வித்தையை ஒன்றிடமிருந்து ஒன்று கற்று, 2019 முடிவுக்குள் 44 பிரதேசங்களுக்குப் பரப்பிவிட்டதாக 2021இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவ்வளவு புத்தி. அந்தப் புத்தியை இரண்டடிக் கூண்டில் வைத்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையில் இலங்கை 1979இல் இணைந்தது. அதன் மிகக் கடுமையான முதலாம் அட்டவணையில் செரம் கொக்கட்டு 1989இலும், தனிம்பார் தீவின் கொக்கட்டுவும் பிலிப்பைன்ஸ் கொக்கட்டுவும் 1992இலும், மஞ்சள் கொண்டைக் கொக்கட்டு 2005இலும் சேர்க்கப்பட்டன. அமெரிக்கா 1992இல் காட்டுப் பறவை பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் காட்டில் பிடித்த பறவைகளின் இறக்குமதியை நிரந்தரமாக நிறுத்தியது.

கதவு மூடப்பட்டது நல்லதே. ஆனால் அதற்கு முன் உலகமெங்கும் வீடுகளுக்குள் போய்விட்ட பறவைகள்? அவை அங்கேதான் இருந்தன. எசமான்கள் வயதாகிப் போனார்கள். பறவைகள் போகவில்லை.

*ஏன் வீட்டில் நிலைப்பதில்லை?*

நல்ல பராமரிப்பில் பெரிய கொக்கட்டு 40, 50, சில வேளை 60 வருடங்களைத் தாண்டியும் வாழும். சிக்காகோவுக்கு அருகிலுள்ள புரூக்பீல்ட் மிருகக்காட்சிசாலையில் இருந்த 'குக்கி' என்ற கொக்கட்டு 1933இல் சிட்னியில் பொரித்தது. 2016இல் தன் 83ஆவது வயதில்தான் இறந்தது. நாற்பது வயதில் ஒருவர் குஞ்சு வாங்கினால் அது அவருடைய ஜனாஸாவுக்குப் பிறகும் இருக்கக்கூடும். பத்து வயது மகனுக்குப் பரிசாக வாங்கினால் அவன் வாப்பாவாகி, அப்பாவான பிறகும் அது கத்திக்கொண்டிருக்கும்.

கத்துவதும் சாதாரணக் கத்தல் அல்ல. காட்டில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கேட்க வேண்டிய குரல் அது. மதில் ஒட்டிய வீடுகள் நெருங்கிய எமது ஊர்களில் அதிகாலையும் அந்தியும் அந்தக் குரல் எழும்பினால் அயலவர் எத்தனை நாள் பொறுப்பார்? சிறகிலிருந்து எப்போதும் வெள்ளைத் தூள் உதிரும். ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு அது கஷ்டம். மரத்தைக் கிழிக்கப் படைக்கப்பட்ட சொண்டு கதவு நிலையையும் மின்வயரையும் விட்டுவைக்காது.

எல்லாவற்றிலும் பெரியது தனிமை. கொக்கட்டு கூட்டமாக வாழும் பறவை, வாழ்நாள் சோடியோடு சேரும் பறவை. கையால் ஊட்டி வளர்த்தால் அது வீட்டில் ஒருவரையே தன் சோடியாக எண்ணிவிடும். அவர் வேலைக்குப் போனால் கத்தும். அவருக்குப் பக்கத்தில் வருபவரைக் கொத்தும். கவனிப்பு இல்லாமல் விட்டால் தன் சிறகைத் தானே பிடுங்கத் தொடங்கும். நெஞ்சு வெறும் தோலாகி, சில பறவைகள் சதையையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். 'நோய் வந்துவிட்டது' என்று நாம் சொல்கிறோம். பெரும்பாலும் அது வாழ்க்கையின் வெறுமை.

தீனியிலும் தவறு நடக்கிறது. சூரியகாந்தி விதை மட்டும் போட்டு வளர்த்தால் ஈரலில் கொழுப்புப் படியும், உயிர்ச்சத்து ஏ குறையும். மரக்கறி, பழங்கள், பலவகைத் தானியங்கள் வேண்டும். பட்டர் புரூட்டும் சொக்லேட்டும் அதற்கு நஞ்சு. ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அடுப்பில் கருகினால் வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

*கை மாறும் பறவைகள்*

இதனால்தான் அமெரிக்காவில் கைவிடப்பட்ட கிளிகளுக்கும் கொக்கட்டுகளுக்குமான காப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. அப்படி ஒரு காப்பகத்தில் 2007இல் ஒப்படைக்கப்பட்டதுதான் 'ஸ்னோபோல்' என்ற கொக்கட்டு. வீட்டில் அதனோடு நெருக்கமாக இருந்த மகள் படிக்கப் போன பிறகு அதைச் சமாளிக்க முடியாமல் போனது. கொண்டுவந்து விட்டவர்கள் ஒரு பாட்டுத் தட்டையும் கொடுத்தார்கள். இந்தப் பாட்டுக்கு இது ஆடும் என்று. ஆடியது. அந்தக் காணொளி உலகம் சுற்றியது. அனிருத் பட்டேல் என்ற விஞ்ஞானியும் குழுவினரும் ஆராய்ந்து, மனிதரல்லாத ஒரு உயிர் தாளத்தை உணர்ந்து அதற்கேற்பத் தன் அசைவை மாற்றிக்கொள்கிறது என்று 2009இல் நிறுவினார்கள். 2019 ஆய்வில் அதன் ஆட்டத்தில் 14 விதமான அசைவுகள் எண்ணப்பட்டன.

உலகம் சிரித்து இரசித்த அந்தப் பறவை, ஒரு குடும்பத்தால் வைத்துக்கொள்ள முடியாமல் போன பறவை. அதை ஒப்படைத்தவர்களை நாம் குறை சொல்லவில்லை. தெருவில் விடாமல், பராமரிக்கத் தெரிந்தவர்களைத் தேடி, அதன் பழக்கத்தையும் சொல்லி ஒப்படைத்தார்கள். கை மாற்றுவதென்றால் அப்படித்தான் மாற்ற வேண்டும்.

ஹொங்கொங்கில் வேறு மாதிரி நடந்தது. அந்த நகரத்தின் பூங்காக்களில் இன்று ஏறத்தாழ 200 மஞ்சள் கொண்டைக் கொக்கட்டுகள் சுதந்திரமாகப் பறக்கின்றன. 1941இல் ஜப்பானியர் நகரத்தைப் பிடிக்குமுன் ஆளுநர் தன் மாளிகைப் பறவைகளைத் திறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பல வருடங்களாகக் கூண்டிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையுமே பெருகின என்பதுதான் பொருத்தமான விளக்கம். உலகில் மிஞ்சிய அந்த இனத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இன்று தாயகம் இல்லாத ஒரு நகரத்தில் வாழ்கிறது.

இதைக் கேட்டுவிட்டு 'அப்படியென்றால் நாமும் திறந்துவிடலாமே' என்று எண்ணிவிட வேண்டாம். ஹொங்கொங்கில் பிழைத்தவற்றைத்தான் நாம் எண்ணுகிறோம். செத்தவற்றை யாரும் எண்ணவில்லை. கூண்டில் வளர்ந்த பறவைக்குத் தீனி தேடத் தெரியாது, பருந்தைத் தெரியாது. அதைவிட ஆபத்தானது நோய். சொண்டையும் சிறகையும் அழிக்கும் ஒரு வைரசு நோய் 1970களில் அவுஸ்திரேலியக் கொக்கட்டுகளில் முதலில் அடையாளம் காணப்பட்டது. இன்று அது மொரீசியஸ் தீவுக்கே உரிய அரிய கிளிகளையும் தாக்கியிருக்கிறது. எமது காடுகளில் ஐந்து வகைக் கிளிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு உலகில் வேறெங்கும் இல்லை. ஒரு கொக்கட்டுவை 'விடுதலை' செய்து அவற்றுக்கு நோயைக் கொடுத்தால் அந்த நன்மை யாருக்கு?

*இந்தோனேசிய முஸ்லிம்கள் செய்தது*

அழிவின் கதை இந்தோனேசியாவில் நடந்தது. திருத்தும் முயற்சியும் அங்குதான் தொடங்கியது. 2014இல் இந்தோனேசிய உலமா சபை ஒரு பத்வா வழங்கியது. அருகிவரும் உயிரினங்களைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என்றது. வனவிலங்கு விடயத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு தேசிய உலமா சபை பேசியது உலகக் கவனத்தை ஈர்த்தது.

அடுத்த வருடம் மே மாதம் சுரபாயாத் துறைமுகத்தில் பொலிசார் ஒருவரின் சாமான்களைச் சோதித்தார்கள். வெறும் குடிநீர்ப் போத்தல்களுக்குள், தலை மட்டும் தெரிய, உயிரோடு மஞ்சள் கொண்டைக் கொக்கட்டுகள். அந்தப் படங்களை உங்களில் சிலரும் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்டு மக்கள் கொதித்தார்கள். அரசாங்கம், வீட்டில் கொக்கட்டு வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்கலாம் என்று அறிவித்தது. வருடக் கணக்காகப் பிள்ளை போல் வளர்த்தவர்கள் கூண்டோடு வந்து ஒப்படைத்தார்கள்.

சும்பா தீவில் 1992இல் உள்ளூர் நிர்வாகமே கொக்கட்டு பிடிப்பதைத் தடை செய்தது. பத்து வருடங்களின் பின் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது எண்ணிக்கை கூடியிருந்தது. ஜாவாக் கடலில் மசகம்பிங் என்ற சின்னத் தீவில் ஒரு துணையினம் 2008 அளவில் பத்துப் பன்னிரண்டு பறவைகளாகக் குறைந்திருந்தது. ஊரவர்கள் காவல் இருக்கத் தொடங்கிய பிறகு மெதுவாகப் பெருகியது. செரம் தீவில் முன்னர் கண்ணி வைத்தவர்களே மீட்கப்பட்ட பறவைகளைப் பராமரிக்கிறார்கள். அந்த நிலையத்தின் பெயர் 'கெம்பாலி பெபாஸ்'. 'மீண்டும் சுதந்திரம்' என்று அர்த்தம். எந்த மரத்தில் பொந்து, எந்தக் கிளையில் தீனி என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்?

*எமக்கு என்ன?*

பறவை வளர்ப்பதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. அபூ உமைர் என்ற சிறுவன் வைத்திருந்த சின்னக் குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் வாஞ்சையோடு விசாரித்த செய்தி எமக்குத் தெரியும். பூனையைக் கட்டிப்போட்டு, தீனியும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையும் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், வளர்க்கலாம், ஆனால் அது பொறுப்பு என்பது விளங்கும். கையில் இருக்கும் உயிர் ஒரு அமானிதம்.

ஆகவே சில விடயங்கள்:

1. வாங்குவதற்கு முன் அதன் தாய் தகப்பன் எது, எந்த அனுமதியோடு நாட்டுக்கு வந்தது, கடதாசி எங்கே என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். வாங்குபவர் இருக்கும் வரைதான் போத்தலில் அடைப்பவரும் இருப்பார்.

2. எமது காட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். கொக்கட்டுவுக்குப் பதிலாக மலைக்கிளிக் குஞ்சு வாங்குவது தீர்வல்ல.

3. ஏற்கெனவே உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் அதை வெறுக்க வேண்டாம். பெரிய கூண்டு, தினமும் சில மணித்தியாலம் வெளியே, கிழிக்க மரக்கட்டையும் தேங்காய் மட்டையும், பலவகை உணவு, வீட்டில் எல்லோருடைய கையிலும் பழக்கம். ஒருவரோடு மட்டும் ஒட்டவிடாதீர்கள்.

4. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அதிக விலை தருபவரை விட்டுவிட்டு, பராமரிக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அது என்ன தின்னும், எதற்குப் பயப்படும், எந்தப் பெயருக்குத் திரும்பும் என்று எழுதிக் கொடுங்கள். முதல் மாதங்களில் போய்ப் பாருங்கள். மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டே கொடுங்கள்.

5. வஸிய்யத்தில் வீடு, வளவு, நகை எல்லாம் எழுதுகிறோம். எமக்குப் பின் அந்தப் பறவை யாரிடம் என்பதையும் பிள்ளைகளோடு பேசி முடிவு செய்யுங்கள். அது எம்மை விட நீண்ட நாள் வாழக்கூடும்.

எண்ணூறு வருடங்களாகக் கொக்கட்டு கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது. சுல்தானிடமிருந்து பேரரசருக்கு, மாலுமியிடமிருந்து வணிகருக்கு, கடைக்காரரிடமிருந்து எமது பிள்ளைகளுக்கு. அடுத்த தடவை குழுவில் "அவசரமாக விற்பனைக்கு" என்று ஒரு படம் வந்தால், "என்ன விலை?" என்று கேட்பதற்கு முன் "அதற்கு எத்தனை வயது? இது எத்தனையாவது வீடு?" என்று ஒருவராவது கேளுங்கள்.

ஊரில் யாரிடமாவது கொக்கட்டு இருந்து, பராமரிக்க முடியாமல் கஷ்டப்பட்டால் கீழே எழுதுங்கள். ஏசுவதற்கு அல்ல, சேர்ந்து ஒரு நல்ல இடம் பார்ப்பதற்கு. பறவை வளர்ப்பில் அனுபவமுள்ளவர்களும் தங்கள் பெயரைச் சொல்லுங்கள். பிரயோசனம் என்று நினைத்தால் பகிர்ந்துவிடுங்கள்.